ப்ரைமரும் சயனைடு மேடும்

என் கையடக்க ஸ்கேல் மாடல் லாரிக்கு இன்று, பெயிண்டுக்கு முன் அடிக்கும் சாம்பல் நிற ப்ரைமர் அடித்தேன். "காற்றோட்டமான இடத்தில் அடிக்கவும்" என்று ஸ்ப்ரே டப்பாவில் போட்டிருந்தது. நல்ல பிள்ளையாக வாசலுக்கு வந்துவிட்டேன்.

அதை எழுதியவர் எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டல் பக்கம் வந்ததே இல்லை போலும்.

எதிர்வீட்டுச் செல்வியக்கா கொடியிலிருந்து துணிகளை அவசரமாக உருவிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, மேட்டுப் பக்கம் பாத்தியா? காத்து கிளம்புது. நாங்க துணியே எடுக்கிறோம், நீ பெயிண்ட் அடிக்கிற."

"பெயிண்ட் இல்லக்கா, ப்ரைமர். சீக்கிரம் காஞ்சிடும்."

காயவில்லை. சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி மொத்தமும் கிளம்பி வந்து ஈர ப்ரைமரில் உட்கார்ந்துகொண்டது. ஒரு மாதமாகத் தேய்த்து வழவழப்பாக்கிய லாரி, உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது.

அக்கா வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே கீது. இப்பதான் நம்ம ஊரு லாரி மாதிரி கீது."

கடுப்பில் படமெடுத்து மாடல் செய்பவர்கள் குழுவில் போட்டேன். ஆறுதல் வரும் என்று பார்த்தால், பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்கிறார்: "ப்ரோ, செம ரியலா இருக்கு. இந்த டெக்ஸ்சர் ப்ரைமர் எந்தக் கடையில கிடைக்குது?"

அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"லாரி வாடகைய அவரையே குடுக்கச் சொல்லு. மேட்டையே அனுப்பிடலாம்."

வேறு யாருக்காவது வேண்டுமா? துணி காயப்போடும் எங்கள் லைன் வீட்டு வரிசை மொத்தமும் மேட்டை அள்ளி ஏற்றிவிடத் தயாராக இருக்கிறது.