ஒரு விரலால் காட்டுங்கள்

அரசு அலுவலகத்தில் நடைமுறை விதிகளை எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. எதை எப்படிச் சொன்னால் விண்ணப்பம் தள்ளுபடியாகாது என்று எனக்குத் தெரியும். வலது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்ததும், அந்தத் திறமையை முழங்காலின் மீதும் ஏவினேன்.

தி. நகர் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, "இந்த வயசுல எதுக்கு சார் பாதி? முழுசா மாத்திட்டு நிம்மதியா இருங்க" என்றார். அதே எக்ஸ்ரேயை அடையாறு மருத்துவர் வேறு விதமாகப் படித்தார். தேய்மானம் உள்பக்கம் மட்டும் என்றால் அங்கே மட்டும் உலோகம் வைத்தால் போதும். மற்ற எலும்பும் ஜவ்வும் அப்படியே இருக்கும், மடக்குவதும் சுலபம் என்றார்.

எனக்குப் பாதிதான் வேண்டும். ஒரே காரணம், மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின் மணி அடித்ததும் கோவிலே முழங்காலிடும். நான் மட்டும் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில். பக்தி அதிகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமைச்சர் உள்ளே வரும்போது உட்கார்ந்தே இருக்கும் குமாஸ்தாவின் கூச்சம், அவ்வளவுதான்.

எனவே படித்துக்கொண்டு போனேன். வலிக்கும் இடத்தை ஒரே விரலால், உள்பக்கமாகக் காட்டுகிறவர்கள் பாதி மாற்றத்துக்கு ஏற்றவர்கள். உள்ளங்கையால் மூட்டு முழுவதையும் பொத்துகிறவர்களுக்கு முழுசாக மாற்ற வேண்டியிருக்கலாம். அடையாறு மருத்துவர், "எங்க வலிக்குது, காட்டுங்க" என்றதும் சுட்டுவிரலைச் சரியான இடத்தில் வைத்தேன்.

பக்கத்தில் இருந்த என் மனைவி ஓய்வு பெற்ற ஆசிரியை. காப்பியடித்தால் அவளுக்கு வாசனையிலேயே தெரியும்.

"டாக்டர், வீட்ல ரெண்டு கையாலயும் முட்டியப் புடிச்சுக்கிட்டு மாதாவேன்னு கத்துவார். இங்க வந்து ஒத்த விரலைக் காட்டறார்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "எது சார் நிஜம்?"

பாடம் எது, வலி எது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

"ஒரு வாரம் கவனிச்சுட்டு வாங்க. யோசிக்காம கை எங்க போகுதுன்னு பாருங்க" என்றார். யோசிக்காமல் எப்படிக் கவனிப்பது என்று கேட்க நினைத்தேன். மனைவி, "நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்று பொறுப்பேற்றுக்கொண்டாள்.

கவனிக்கக் கவனிக்க வலி இடம் மாறியது. லஸ் முனையில் சாலையைக் கடக்கும்போது வெளிப்பக்கம் வலித்தது. பேருந்தில் ஏறும்போது பின்பக்கம். மாம்பலம் ரயில் நிலையப் படிகளில் எங்குமே வலிக்கவில்லை. ரங்கநாதன் தெருக் கூட்டமே என்னை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டது. அது என் மூட்டின் கணக்கில் சேருமா, கூட்டத்தின் கணக்கிலா?

"நேத்து உள்பக்கம்னீங்க."

"நேத்து உள்பக்கம்தான்."

"முட்டியா, வாடகைக்கு வீடு மாத்தற குடித்தனமா?"

ஞாயிற்றுக்கிழமை நாற்காலியைத் தவிர்த்து நடு பெஞ்சுக்குப் போனேன். மணி அடித்தது. முழங்காலிட்டேன். வலி நெற்றி வரை ஏறியது. மனைவி கண்ணை மூடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாவம் என் கணக்கில்தான். எல்லோரும் எழுந்தபோது நானும் எழுந்தேன்.

வெளியே வந்ததும், "கை எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல. ரெண்டு கையாலயும் முன் பெஞ்சைப் புடிச்சுக்கிட்டு இருந்தீங்க. விழுந்துடுவீங்கன்னு எனக்கு உயிரே இல்ல."

இதை அப்படியே மருத்துவரிடம் சொன்னோம். சிரித்தார். "விரல் ஒரு குறிப்புதான் சார். உங்க ஜவ்வு நல்லா இருக்கு. திறந்து பாப்போம். வெளிப்பக்கம் நல்லா இருந்தா பாதி, இல்லன்னா முழுசு. ரெண்டுக்கும் சம்மதம் குடுத்துடுங்க."

இரண்டு முடிவுகளுக்கும் ஒரே கையெழுத்து. என் பணிக்காலத்தில் இப்படி ஒரு கோப்பு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். கையெழுத்துப் போட்டேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ தச்சு வேலை நடப்பது கேட்டது. கண் திறந்தபோது கட்டில் அருகே மனைவி.

"பாதிதான். வெளிப்பக்கம் நல்லா இருந்ததாம். கொஞ்ச மாசம் போனா முட்டி போட்டுப் பாக்கலாமாம், தலையணை வெச்சு."

அப்படியானால் என் விரல் சொன்னது சரியா, நான் சொல்லிக்கொடுத்ததை அது ஒப்பித்ததா? கேட்பதற்குள் நர்ஸ் வந்தார்.

"ஐயா, வலிக்குதா? எங்க வலிக்குதுன்னு காட்டுங்க."

போர்வைக்குள் கை தானாகக் கீழே போனது. அங்கே இன்னும் மரத்துக் கிடந்த கால் யாருடையது என்றே தெரியவில்லை. மனைவி என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலம்மா" என்றேன்.