மஞ்சள் தடவிய கருப்பை

பன்றியின் கருப்பையில் கிருமி புகுந்தால், அங்குள்ள செல்களில் உட்கார்ந்திருக்கும் ஏற்பிகள் என்ற புரதங்கள் அதைக் கண்டுகொண்டு, "வந்துட்டான், வந்துட்டான்" என்று கோள்மூட்டும். அழற்சி அப்படித்தான் கிளம்புகிறது. என் முனைவர் பட்ட ஆய்வு இந்தக் கோள்மூட்டிகளைப் பற்றியது. பெண் பார்க்கப் போன வீட்டில் இதை விளக்கினேன். காபி வரவே இல்லை.

ஆரோக்கியமான கருப்பைகள் நிறையச் சேர்ந்துவிட்டன. நோய்ப்பட்டது ஒன்றுகூடக் கிடைக்காமல் ஆய்வு அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் சிப்பிகாட்டுப் பன்றிப் பண்ணையில் சினை பிடிக்காமல் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பன்றியைக் கழித்துக்கட்டினார்கள். வாங்கியவர், நான் வாராவாரம் கருப்பை வாங்கும், புரோத்ராபூரில் கறிக்கடை வைத்திருந்த தூத்துக்குடி அண்ணன்.

அவரிடம் நான் முன்பே ஒரு பொய் சொல்லியிருந்தேன். கடைக்குப் போன முதல் நாள், வரிசையில் பெண்கள் நின்றதால் வெட்கப்பட்டு, "அந்த உள்ள இருக்குமே... அது" என்று இழுத்தேன். "வீட்டுக்கா தம்பி?" என்றார். பேச்சை முடிக்க "ஆமா" என்றுவிட்டேன்.

அந்தப் பன்றியை வெட்டிய ஞாயிறு காலை, மாதிரி கெடாமலிருக்க மருந்து நீர் நிரப்பிய குப்பியோடு ஸ்கூட்டரில் பறந்து போனேன்.

"வாங்க தம்பி. உள்ள ஒரே சீழு. அத எப்படி உங்களுக்குக் குடுக்க? வெந்நில ரெண்டு தடவ அலசி, உப்பும் மஞ்சளும் போட்டுத் தேச்சு வச்சிருக்கேன்."

பையைத் திறந்தேன். நலங்கு வைத்த மணப்பெண் போல மின்னியது.

"அண்ணே, எனக்கு அந்தச் சீழ்தானே வேணும்!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "க்யா ஹுவா?" என்று என்ன ஆச்சென இந்தியில் விசாரித்தார் பின்னால் நின்ற வங்காளி அம்மா. வேறு வழியில்லாமல் தமிழிலும் இந்தியிலும் கருப்பைப் பாடம் நடத்தினேன்.

அண்ணன் பெருமூச்சு விட்டார். "நீங்க இத வாராவாரம் ஆக்கித் திங்கீங்கன்னு நெனச்சு, மாதா கோயில் பூசைல உங்களுக்காக வேண்டிக்கிட்டேன் தம்பி. ரொம்ப மோசமான துண்டு ஒண்ண மட்டும் அலசாம, இப்பத்தான் நாய்க்குப் போட்டேன்."

பின்பக்கம் ஓடினேன். நாய் அதன் முன் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டியதும் யோசனையை நிறுத்திவிட்டு உறுமியது. அண்ணன் ஈரல் துண்டு ஒன்றை எறிந்தார். அது அந்தப் பக்கம் பாய, நான் இந்தப் பக்கம் பாய்ந்தேன். நாய் நக்கவில்லை என்று அண்ணன் மாதா மேல் சத்தியம் செய்தார்.

ஆய்வகத்தில் அதற்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது ஏற்பிகள் கொத்துக்கொத்தாகத் தெரிந்தன. "மாதிரிய நல்லா எடுத்திருக்கீங்க" என்றார் பேராசிரியர். தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கடை வாசலிலேயே அண்ணனின் குரல் கேட்டது:

"வழி விடுங்க, வழி விடுங்க. சீழு வாங்குற தம்பி வந்துட்டாரு!"