காதில் விழாத ‘ன்’

என் இடது காதில் ஒரு சத்தம் குடியிருக்கிறது. குக்கரில் விசில் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு சீற்றம் கிளம்புமே, அதேதான். குக்கர் என்றால் அடுப்பை அணைத்துவிடலாம். இதற்கு அடுப்பு எங்கே இருக்கிறது என்று பட்டாள ஆஸ்பத்திரியிலும் தேடினார்கள், தென்காசியில் காது டாக்டரும் தேடினார், கிடைக்கவில்லை. சரி, கிடந்து தொலை என்று விட்டுவிட்டேன்.

வந்த வழி ரகசியமில்லை. நான் சுடச் சொல்லிக்கொடுக்கும் ஹவில்தாராக இருந்தவன். புதுப் பையன்கள் வரிசையாகப் படுத்துச் சுட, நான் பின்னால் நடந்துகொண்டே இருப்பேன். நானும் சுட்டிருக்கிறேன், கணக்கில்லாமல். வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறவனுக்கு வெடிச்சத்தம் அறைவது இடது காதில்தான். காதுக்கு அடைப்பான் கொடுக்கத்தான் செய்தார்கள். சொல்லிக்கொடுக்கிறவனே காதைப் பொத்திக்கொண்டு நிற்பதா என்று ஒரு வீறாப்பு. அந்த வீறாப்புக்குக் கிடைத்த மெடல் இது. சட்டையில் குத்திக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

எதுவுமே கேட்காது என்று நினைத்துவிட வேண்டாம். லாரி கேட்கும், இடி கேட்கும், என் மனைவி கோபத்தில் பாத்திரத்தை வைப்பது மிக நன்றாகக் கேட்கும். பேச்சின் ஓரங்கள்தான் உதிர்ந்துபோயின. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘வருதான்’ என்றால் ஆண்பிள்ளை, ‘வருதா’ என்றால் பெண்பிள்ளை. நடுவில் இருப்பது ஒரே ஒரு ‘ன்’. அந்த ‘ன்’னையும் எங்கள் ஆட்கள் பாதியை மூக்குக்குள்ளேயே வைத்துக்கொண்டு மீதியைத்தான் வெளியே விடுவார்கள். எனக்கு அந்த மீதியும் வந்து சேருவதில்லை. நேரில் என்றால் முகத்தைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். போனில்தான் வம்பு.

டாக்டர் மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். முடியாது என்றேன். தெருவில் யாராவது கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை என்பதால், மிலிட்டரிக்காரருக்கு என்ன திமிரு என்று பேச்சு. பேசட்டுமே. செவிடன் என்பதற்குத் திமிர் பிடித்தவன் என்பது எவ்வளவோ மேல்.

இப்படி நான் ராஜாவாக இருந்த காலத்தில்தான், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் போன் பண்ணினாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள்.

“அப்பா, எங்கூட வேல பாக்குதவன் ஊருக்கு வருதான்ப்பா. உங்களப் பாக்கணும்ங்குதான்” என்று அவள் சொல்லியிருக்கிறாள். எனக்கு விழுந்தது, வேலை பார்க்கிறவள் வருகிறாள், பார்க்கணும் என்கிறாள் என்று.

“தாராளமா வரட்டும்ட்டி! இதெல்லாம் கேக்கணுமா?” என்றேன்.

“நெசமாவாப்பா?” என்றாள்.

“சீசன் நேரம், குத்தாலத்துல குளிக்கலாம்லா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும். உன் ரூம்லயே படுக்கட்டும்.”

அந்தப் பக்கம் பேச்சையே காணோம். சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு நானே போனேன். மகள் இறங்கினாள். பின்னாலேயே நெட்டையாக ஒருத்தன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். பரவாயில்லையே, இந்தக் காலத்திலும் உதவி செய்ய ஆள் இருக்கிறதே என்று மெச்சினேன். அவனுக்குப் பின்னால் பெண்பிள்ளையைத் தேடினேன். கண்டக்டர் இறங்கினார். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை.

“வணக்கம் சார்!” என்றான் நெட்டையன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

எங்கட்டி உன் கூட்டுக்காரி என்று கேட்க வாயைத் திறந்தவன் மகளின் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் பரீட்சை மார்க்கைக் காட்டும்போது அப்படித்தான் நிற்பாள். கேள்வியை விழுங்கிவிட்டேன். அப்போதுதான் அந்த ‘ன்’ எங்கே போனது என்று எனக்குப் புரிந்தது. அடப்பாவி காதே!

வீட்டில் மனைவி என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். “நீங்கதான் வரச் சொன்னியளாம்? அவ ரூம்லயே படுக்கச் சொன்னியளாம்? புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பையன் புளியறைக்காரனாம், வேதக்கார வீடாம். ரெண்டு பேரும் கட்டிக்கிடணும்ங்காவ. அதுக்கும் சரின்னுட்டியளா?”

வேதக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இது நடந்தால் வாசுதேவநல்லூரில் இருக்கும் என் அண்ணன் தம்பிமார் எங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டார்கள். தப்பாகக் கேட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அதோடு என் மகளின் மனசும் உடைந்துபோகும். தவிர, எனக்குக் காது கேட்காது என்று என் வாயால் சொல்லியாக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பையனைத் தனியாகக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவது. அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டேன் தம்பி, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பு என்று ஆம்பளைக்கு ஆம்பளை சொல்லிவிடுவது. காது பேச்சே எடுக்க வேண்டாம்.

முதலில் குளித்துவிடுவோம் என்று அருவிக்குள் போனேன். உலகத்திலேயே எனக்கு நிம்மதியான இடம் அதுதான். தண்ணீர் மண்டையில் விழுந்ததும் காதுக்குள் இருக்கும் சனியன் வாயை மூடிக்கொள்ளும். அங்கே எவனுக்கும் எதுவும் கேட்காது. நானும் எல்லாரும் ஒன்று. கண்ணை மூடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுகமாக நின்றேன்.

என் வலது காதருகே ஒரு குரல் கேட்டது. “சார்! போலீஸ்காரன் விசில் ஊதுதான்! தண்ணி கூடுது, வெளிய வரச் சொல்லுதான்!”

கண்ணைத் திறந்தேன். கம்பியில் நான் ஒருத்தன்தான் தொங்கிக்கொண்டிருந்தேன். கூட்டமெல்லாம் வெளியே போயிருந்தது. விசில் எனக்குக் கேட்கவே இல்லை. ஆனால் இவன் சொன்ன ‘ஊதுதான்’ கேட்டது. அந்த இரைச்சலிலும் ‘ன்’னோடு கேட்டது. என் கையைப் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு வந்தான். நான் கையை உதறவில்லை.

ஈரத் துண்டோடு பஜ்ஜிக் கடையில் நின்றோம். “எப்பவும் இப்பிடித்தான் கத்துவியா?” என்றேன்.

“எங்களுக்குப் புளியறைச் செக்போஸ்ட் பக்கத்துல பரோட்டாக் கடை சார். பூராவும் லாரி ஹாரன். தொண்டையத் தொறந்தாத்தான் அடுப்படிக்குக் கேக்கும்” என்றான். அப்போதுதான் கவனித்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்தே அவன் என் வலது பக்கத்திலேயே நடந்து வருகிறான். முகத்துக்கு நேராகப் பார்த்துத்தான் பேசுகிறான்.

“அவ என்னப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்கா?”

பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். “அப்பாவுக்கு எடது காது கேக்காது, வலது பக்கம் நின்னு பேசு, ஆனா கேக்காதுன்னு மட்டும் அவுககிட்டச் சொல்லிராதன்னா சார்.”

“வேற?”

“போன்ல தப்பாத்தான் கேட்டிருக்காக, ரூம்ல படுக்கட்டும்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சுன்னா.”

“பொறவு ஏன் திருத்திச் சொல்லல?”

“அழுதா சார். ஒருத்தன் வருதான்னு சொன்னதுக்கு எங்கப்பா இவ்வளவு சந்தோசமா வரட்டும்னு சொல்லுதத இனிமே நான் எங்க கேக்கப்போறேன், அது தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்னு அழுதா.”

நான் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிளகாய் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். அவன் உடனே, “அண்ணாச்சி, சாருக்குத் தண்ணி!” என்று கத்தினான். சாயங்கால பஸ் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

வீட்டு வாசலில் மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று உரக்கவே கேட்டேன்.

“ஏட்டி, அன்னைக்கு போன்ல என்ன சொன்ன? எனக்குக் காது சரியா கேக்காது. இன்னொரு மட்டம் சொல்லு.”

மனைவியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. மகள் படியிறங்கி என் வலது பக்கம் வந்து நின்றாள்.

“எங்கூட வேல பாக்குதவன் வருதான்ப்பா. உங்களப் பாக்கணும்ங்குதான்.”

மூன்று ‘ன்’னும் கேட்டன.

“வரட்டும்” என்றேன். “ஆனா மாடி ரூம்ல படுக்கட்டும்.”