கணக்குக்கு அந்தியேட்டி

ஆவி, அறிகுறி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து போய்விடும் ஆள் நான். கொழும்பில் ஒரு பத்திரிகையில் நெடுங்காலம் ஒப்புநோக்குநராக இருந்தேன், அதாவது மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்க்கிற வேலை. வாரப் பதிப்புக்கு வரும் ஆவிக் கதைகள் என் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும், அவற்றில் ஆவிகளைவிட ஒற்றுப்பிழைகள்தான் அதிகம். மரண அறிவித்தல் பக்கமும் என்னுடையதே. பெயர், ஊர், இறந்த திகதி, தகனம் நடக்கும் இடம் எல்லாம் சரியா என்று பார்த்து அனுப்புவேன், செத்தவர்களோடு எனக்கு இருந்த தொடர்பு அவ்வளவுதான். ஆகவே இதை நீங்கள் நம்பவேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

என் கணவர் சிவநேசன் வயல்களில் தண்ணீர் இறைக்கும் பம்புகள் திருத்துகிறவர். சண்டை இறுகிய நேரம் நான் கொழும்பில் வேலையில் இருந்தேன், அவர் படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டு மன்னாரில், தன்னுடைய ஊரில் இருந்தார். சனம் எழும்பி வன்னிக்குள் போனபோது அவரும் தாயை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பாதை பூட்டு. தாய் வழியில் இறந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர் செத்ததைக் கண்டவர் ஒருவருமில்லை, உயிரோடு கண்டவரும் ஒருவருமில்லை.

மீள்குடியேற்றம் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டு அந்த ஊருக்கு வந்தேன். திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட, நாலு பக்கமும் வயல். வந்தால் அவர் இங்கேதான் வருவார் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு அலுவல் இல்லை. வீட்டுத் திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீடு, உள்ளே நான், ஒரு அலுமாரி, இரண்டு கதிரை. இரண்டாவது கதிரையில் ஒருவரும் இருந்ததில்லை என்று சொல்லமாட்டேன், பக்கத்து வளவு யோகம் வந்தால் அதில்தான் இருப்பாள். யோகத்தின் புருசன் அவள் கண்முன்னே செல் குண்டு விழுந்து செத்தவர்.

"எனக்கு ஒரு திதியாவது கிடக்கு, விமலா. வருசத்தில ஒருநாள் சமைச்சுப் படைச்சுப்போட்டு அழுது முடிச்சிடுவன். நீ எந்த நாளைப் பிடிச்சு அழுவாய்?" என்று ஒருமுறை கேட்டாள்.

அதுதான் விசயம். திதி இல்லாமல் திவசம் இல்லை. நான் பொட்டும் வைத்துக்கொண்டு, தாலியும் போட்டுக்கொண்டு, மனைவியா விதவையா என்று எனக்கே தெரியாமல் இருந்தேன்.

சமூக வலைத்தளத்தில் கணக்கு ஒன்று திறந்ததும் அவருக்காகத்தான். மன்னார் பட்டினத்தில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் நியாஸ் திறந்து தந்தார். முசலிப் பக்கத்துக்காரர், புத்தளத்தில் அகதியாக வளர்ந்து திரும்பி வந்தவர். எங்கள் கல்யாணப் படத்தைப் போட்டார், ஊர்ப் பெயரைப் போட்டார். கடவுச்சொல் கேட்டபோது நான் ஒரு சொல்லை எழுதினேன். நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது அவர் என்னைக் கூப்பிடும் பெயர் அது, வேறு ஒரு காதும் கேட்டதில்லை. எங்கேயாவது ஒரு சிறையிலோ முகாமிலோ இருந்து அவர் கையில் ஒரு தொலைபேசி கிடைத்தால், என் பெயரைத் தேடுவார், அந்தச் சொல்லைப் போட்டுப் பார்ப்பார், உள்ளே வந்துவிடுவார் என்று எண்ணினேன். நியாஸுக்கு விளக்கினேன், சொல்லை மட்டும் சொல்லவில்லை.

"அக்கா, பாஸ்வேட் போடுறது ஆக்கள் வராம இருக்கத்தான். நீங்க ஆள் வாறதுக்கெண்டு போடுறீங்க," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

எட்டு வருடம் அந்தக் கணக்கு இருந்தது. சிவப்பு இலக்கம் தெரியும்போதெல்லாம் நெஞ்சு ஒருமுறை எழும்பி விழும். திறந்தால் ஒஸ்லோவில் யாரோ பிள்ளையின் பிறந்தநாள் கேக், கனடாவில் யாரோ வாங்கிய கார். எழும்பி விழுந்து களைத்துப்போனேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. ஒருநாள் பஸ் ஏறிப் போய், கணக்கை நிரந்தரமாக மூடித் தரும்படி நியாஸிடம் கேட்டேன்.

அது உடனே மூடாது. முப்பது நாள் தவணை தரும். அதற்குள் கடவுச்சொல்லைப் போட்டு யாரும் உள்ளே போனால் மூடுவது ரத்து. இதை யோகத்துக்குச் சொன்னபோது நெல் புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகை நிறுத்திவிட்டாள்.

"முப்பது நாள் வச்சிருந்து முப்பத்தொண்டில அழிக்கிறதோ? அப்ப அது அந்தியேட்டி எல்லோ! ஐயர் இல்லாமல் செய்யினமாக்கும்."

செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியைதான் அந்தியேட்டி. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் தொலைபேசியை நிறுத்தி, அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன்.

அந்த நாட்களின் வெறுமையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கேக்கையும் காரையும் அவ்வளவு வெறுத்தேன், அவை போனதும் வீட்டில் என்னோடு பேச ஒன்றுமில்லை. பால்மாப் பெட்டியில் அச்சடித்திருந்த தமிழை வாய்விட்டு வாசித்தேன், பிழைகளைத் திருத்தினேன், திருத்தியதைக் கொடுக்க ஆளில்லை. பின்னேரங்களில் வயலுக்கு மேலால் கொக்குகள் கடல் பக்கம் போகும். அவை போய் முடியும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்துவேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். முற்பகல், நல்ல வெயில். யோகம் தன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் வந்தாள். பாரிஸில் இருக்கும் அவள் மகன் மறுமுனையில்.

"இவன் என்ன சொல்லுறான் கேள். உன்ர ஐடி ரண்டு நாளாய்ப் பச்சை லைட் எரிஞ்சுகொண்டு நிக்குதாம். வணக்கம் சித்தி எண்டு போட்டவனாம், பாத்திட்டுப் பேசாமல் இருக்கிறியாம். முப்பது நாள் செத்தவீட்டுத் துடக்கு எண்டுபோட்டு நாலாம் நாளே களவாய் எட்டிப் பாக்கிறாய் என்ன?"

அலுமாரியைத் திறந்து, சேலைகளைத் தூக்கி, தொலைபேசியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அமத்திப் பார்த்தாள். மின்சாரம் இல்லாமல் செத்துக் கிடந்தது.

"அப்ப ஆரடி அது?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

அன்றைக்கே பட்டினத்துக்குப் போனேன். நியாஸ் கடையில் பாட்டுப் போட்டிருந்தார். நான் கடவுச்சொல்லை அடித்துக் கொடுக்க, கணக்குக்குள் அவர் தேடிய நேரம் முழுக்க நான் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூடுவது ரத்தாகியிருந்தது. யாரோ சரியான கடவுச்சொல்லோடு, முதல் தடவையிலேயே, உள்ளே வந்திருந்தார்கள். கருவி எதுவென்று தெரியவில்லை. இடம், கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியக் கரை.

"இதை நம்பாதீங்க அக்கா. தலைமன்னாரில நிண்டாலே போன் இந்தியாவுக்கு வரவேற்கிறோம் எண்டு சொல்லும். இடம் காட்டுறது எப்பவும் சரியில்ல. பாஸ்வேட்டை ஆருக்காச்சும் குடுத்தீங்களா?"

"இல்லை."

"ஒருத்தருக்கும்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரைக்குத் திரும்பிவிட்டார்.

உள்ளே ஒன்றும் எழுதப்படவில்லை. யாருக்கும் செய்தி அனுப்பப்படவில்லை, ஒரு படமும் அழியவில்லை. என் விபரங்கள் உள்ள பக்கத்தில் ஒரே ஒரு வரி மாறியிருந்தது. திருமணமானவர் என்று நான் போட்டிருந்த இடத்தில், கணவரை இழந்தவர் என்று இருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்கும் இடத்தில் ஒரு திகதி.

நியாஸ் பாட்டை நிறுத்தினார். மரணச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியை மெதுவாகச் சொல்லிவிட்டு உடனே, "மன்னிச்சுக்குங்க அக்கா, வாய் தானா வந்திட்டு," என்றார்.

அந்தத் திகதியை தொலைபேசிக்குக் காசு போடும் ரீலோட் காட் ஒன்றின் பின்புறத்தில் எழுதினேன். இருபது வருடப் பழக்கம், கண்ணில் உள்ளதை அப்படியே கை இறக்கும். பிறகு கணக்கை மறுபடியும் மூடச் சொன்னேன்.

"யோசிச்சுத்தானே?" என்று கேட்டார்.

"ஓம்."

யாராவது கெட்ட விளையாட்டு விளையாடியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் முதலில் எண்ணினேன். கடவுச்சொற்களை உடைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவ்வளவு பாடுபட்டு உள்ளே வருகிறவன் ஒரு வரியை மாற்றிவிட்டுச் சும்மா போவானா? அவர் உயிரோடு இருந்து, என்னை விடுவிப்பதற்காக இப்படிச் செய்தாரா என்றும் கேட்டுப் பார்த்தேன், வாய்விட்டு, யோகத்திடம். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"விசரே உனக்கு? உயிரோட இருக்கிற மனிசன் தன்ர பெண்டிலைத் தானே விதவை எண்டு எழுதுவானோ? உனக்குத் திதி வேணும் எண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். தந்திட்டார். எடுத்துக்கொள்."

இந்தத் தடவை தொலைபேசியைப் பூட்டவில்லை. தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவர் இன்னொரு தடவை உள்ளே வரவேண்டும் என்று காத்திருந்தேன். மாதத்தையும் நாளையும் செபம் போலச் சொல்லிக்கொண்டே படுத்தேன். முப்பது நாளும் ஒருவரும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் நியாஸ் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஆளே இல்லை என்று காட்டுகிறது என்றார்.

அடுத்த நாள் காலையில் யோகமும் நானும் திருக்கேதீஸ்வரக் கோயிலின் பாலாவித் தீர்த்தக்கரைக்குப் போனோம். படிக்கட்டில் ஐயர் தருப்பையும் எள்ளும் எடுத்து வைத்தார். கரையில் வேறு இரண்டு குடும்பங்கள் தங்கள் அலுவலைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஐயர் திகதியைக் கேட்டார். அந்த ரீலோட் காட்டைக் கொடுத்தேன். திதி பார்ப்பதற்காகத் தொலைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்தவர், காட்டை ஒருமுறை தூரப் பிடித்தும் ஒருமுறை கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"அம்மா, வருசம் இது சரியோ?"

"ஏன் ஐயா?"

"சண்டையில காணாமல் போனவர் எண்டு சொன்னீங்கள். இது சண்டை முடிஞ்சு ஆறு வருசத்துக்குப் பிறகு எல்லோ."

யோகம் காட்டைப் பறித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். என் கையெழுத்து, தெளிவான இலக்கங்கள். ஒரு மாதமாக அந்தக் காட்டைப் பார்த்திருக்கிறேன், நாளையும் மாதத்தையும் மட்டும் வாசித்திருக்கிறேன். வருடம் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று கண் தாண்டிப் போயிருக்கிறது. ஒப்புநோக்குவதில் இது ஆகப் பழைய பிழை. திரும்பப் போய்ச் சரிபார்க்கக் கணக்கு இல்லை. நியாஸைக் கேட்டபோது, நாளைப் பார்த்த நினைவு இருக்கிறது, வருடத்தைக் கவனிக்கவில்லை என்றார். நான் பிழையாக எழுதினேனா? அச்சுக்குப் போன எத்தனையோ ஆயிரம் திகதிகளில் நான் இலக்கம் மாறி எழுதியது ஒன்றுமில்லை.

"என்ன செய்வம் அம்மா, இதையே வைப்பமோ?" என்று ஐயர் கேட்டார். அடுத்த குடும்பம் காத்துக்கொண்டு நின்றது.

"வையுங்கோ," என்றேன்.

திதி எனக்குக் கிடைத்துவிட்டது, ஒவ்வொரு வருடமும் சமைக்கிறேன். யோகம் தேங்காய் துருவித் தருவாள். திகதியில் இருந்த அந்த வருடத்தில் நான் இதே வீட்டில்தான் இருந்தேன், கதவுக்குச் சாயம் அடித்தேன், முற்றத்தில் முருங்கை நட்டேன். அவர் எங்கேயோ இருந்திருக்கிறார், அல்லது இல்லை. இதில் எதையும் யோசிக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். இலையைப் போட்டுப் பரிமாறும்போது மட்டும் கை நின்றுவிடுகிறது. அந்த ஆறு வருடத்தில் அவருக்கு எந்தச் சாப்பாடு பழகிப்போயிருக்கும், எது பிடிக்காமல் போயிருக்கும் என்று தெரியாமல், பழைய கறிகளையே வைக்கிறேன்.