ஏழாம் நம்பர் மட்டையின் தூரம்

என் மனைவி கோல்ஃப் பந்தை எவ்வளவு தூரம் அடிக்கிறாள் என்று அளந்துவிட்டு, வேண்டுமென்றே குறைத்துச் சொன்னேன். அதனால் அவள் தோற்றாள். ஆட்டத்தையே விட்டாள்.

இவ்வளவுதானா என்று நீங்கள் சிரிக்கலாம். நெய்வேலியில் கோல்ஃபா என்றும் சிரிக்கலாம். சிரித்து முடியுங்கள், பிறகு சொல்கிறேன்.

நான் சுரங்கத்தில் சர்வேயர். எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம் என்று அளந்து சொல்வது என் பிழைப்பு. வேலையில் ஒருநாளும் அளவைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. வீட்டில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்!

டவுன்ஷிப்பின் ஓரத்தில் ஆபீசர்கள் சிலர் சேர்ந்து ஒரு மைதானம் அமைத்திருந்தோம். புல் ஏது? எல்லாம் செம்மண். குழியைச் சுற்றி மட்டும் எண்ணெய் கலந்த மணலைப் பரப்பியிருப்போம். அதற்கப்பால் முந்திரிக்காடு. பந்து அதற்குள் போனால் போனதுதான்.

என் மனைவி மங்கை, கல்லூரியில் பால் பேட்மிண்டன் ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு அடுப்படியே கதியென்று கிடந்தவள். ஒருநாள் விளையாட்டாக என் மட்டையை வாங்கி ஒரு வீசு வீசினாள்... பந்து நான் அடித்ததைத் தாண்டி விழுந்தது! அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சந்தோஷம்தான், சற்று நேரம் வரை.

கூட ஆடிய கலியமூர்த்தி எங்கள் பிளாக்கிலேயே குடியிருந்த என்ஜினியர், பண்ருட்டிக்காரர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இன்னா சார், பாத்துகினு நிக்கறீங்க? வூட்டம்மா பின் டீயில நிக்கட்டும். நீங்க முன்னாடி லேடீஸ் டீக்குப் போயிடுங்க!”

டீ என்பது முதல் அடி அடிக்கும் இடம். தூரம் அடிப்பவருக்குப் பின்னால் ஒன்று, அவ்வளவு தூரம் எட்டாதவருக்கு முன்னால் ஒன்று. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். ஆனால் முன் டீயில் ஓர் ஆண்பிள்ளை நிற்பதா! மறுநாள் ஷிஃப்டில் எல்லோரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம் பெண்களுக்கும் போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவர் பெங்களூர் போய் ஆடலாம். மங்கைக்கு வேறு பேச்சே இல்லை. ஒவ்வொரு மட்டைக்கும் தன் அடி எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்துகொண்டால்தானே சரியானதை எடுக்க முடியும்? என்னைத்தான் அளக்கச் சொன்னாள்.

“ஏழாம் நம்பர்ல எவ்ளோங்க?” என்று தூரத்திலிருந்து கத்தினாள்.

அளவு நாடா நூற்றிருபது கெஜம் காட்டியது. “நூறு!” என்றேன். மற்ற மட்டைகளுக்கும் இப்படியே இருபது குறைத்தேன். நாக்கு கூசவில்லையே எனக்கு... ஏன் கூசவில்லை?

மட்டையின் எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும். நூறுதான் போகும் என்று நம்பியவள், நூற்றிருபது கெஜத்திலுள்ள குழிக்கு ஐந்தாம் நம்பரைத்தானே எடுப்பாள்? போட்டியன்று எடுத்தாள். முன் டீயில் நின்று, அழகாக வீசினாள். பந்து குழியைத் தாண்டி, மணலைத் தாண்டி, முந்திரிக்காட்டுக்குள் போயிற்று. அடுத்ததும் அப்படியே. “பலம் இருக்கு, நிதானம் இல்லை” என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் வழியில் அவள் சொன்னாள்: “உங்களுக்குத்தாங்க தலைகுனிவு. என்னை மன்னிச்சிடுங்க.”

கேட்டீர்களா? அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்!

அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வருஷங்கள் ஓடின. சென்ற மாதம் எங்கள் மகள், பள்ளியில் எறிபந்துக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டு வந்து நின்றாள்.

“வேணாம்டி” என்றாள் மங்கை. “என் கைதான் உனக்கும். பலம் இருக்கும், கணக்கு இருக்காது. நாலு பேர் முன்னால அசிங்கப்படுவ.”

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தனையையும் சொன்னேன். நாடாவையும், நூற்றிருபதையும், கலியமூர்த்தி சிரித்ததையும்... ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டட்டும், அடிக்கட்டும் என்று நின்றேன்.

மங்கை சிரித்தாள்! “பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு இப்படி ஒரு கதையா? சும்மா இருங்க. நீங்க அளந்து தப்பாகுமா?”

மறுநாளும் சொன்னேன். நேற்றும் சொன்னேன். இன்றும் சொல்வேன், அவள் நம்பி என்மேல் காறித் துப்பும் வரை விடப் போவதில்லை. மகளின் பெயரை நானே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். தினமும் சாயங்காலம் பயிற்சிக்கு மூவருமாகப் போகிறோம்.

மகள் பந்தை ஓங்கும்போதெல்லாம் மங்கை கண்ணை மூடிக்கொள்கிறாள்.