தசரதன் கட்டிலில் படுத்த பழனி

கம்பளியின் ஓரத்தில் தொங்கிய நூல்களை அந்தக் கைகள் இரண்டிரண்டாகப் பொறுக்கி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே திருகில் சேர்த்துக்கொண்டிருந்தன. சேர்ந்தது பிரியவில்லை. ஒரு முழம் நீளத்துக்கு வேலை முடிந்திருந்தது. முகம் கம்பளிக்குள் இருந்தது. கால்மாட்டில் தொங்கிய சார்ட்டில், ‘தசரதன், வயது 54, கடுமையான நெஞ்சுவலி, யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது’ என்று டாக்டர் எழுதியிருந்தார்.

1999 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அது. ஆரணியில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் எனக்கு நர்ஸ் வேலை. இரண்டு நாள் லீவு முடிந்து அப்போதுதான் டியூட்டிக்கு வந்திருந்தேன். நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். எழுபத்திரண்டு. மாரடைப்புக்காரருக்கு இப்படி ஒரு நாடி அடிக்குமானால் வருஷத்துக்கு ஒரு மாரடைப்பு எல்லோருக்கும் வரலாம். தசரதன் பட்டுக்கடை முதலாளி. கைக்கு மூன்று மோதிரம் போடுகிறவர். இந்தக் கையில் மோதிரம் இல்லை. ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த பள்ளம் இருந்தது.

“யாருய்யா நீ?”

“தசரதங்க” என்றது கம்பளி.

“தசரதன் நூறு கிலோ. நீ கட்டிலோட சேத்து நிறுத்தாலும் அவ்ளோ வரமாட்ட. மூஞ்சக் காட்டு.”

காட்டினார். பாவு பிணைக்கிற பழனி.

தறி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் பழனியைத் தெரியும். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்கள்; ஒரு பாவு நெய்து முடியும்போது அதன் கடைசி நுனிகளை, இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் இழைகளை அந்த நுனிகளோடு ஒவ்வொன்றாகத் திருகி ஒட்ட வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு பழனி உட்கார்ந்தால் ஒரே நாளில் முடித்துவிடுவார். பன்னிரண்டு வயதில் தொடங்கி, நாற்பத்தாறு வயதுவரை அவர் செய்த வேலை இது ஒன்றுதான். காஞ்சிபுரம் தாண்டிப் போனதில்லை. பெண்டாட்டி ஜெயம். குழந்தை இல்லை. ஊரில் அவருக்கு ஒரு எதிரி கிடையாது. அப்படிப்பட்டவர்களைத்தான் தசரதன் போன்றவர்கள் தேடிப் பிடிப்பார்கள்.

தசரதன் நெசவாளர் சங்கத்தில் தலைவராக இருந்தார். அவர் காலத்தில் சங்கத்தில் நூற்று முப்பத்தேழு நெசவாளர்கள் கூடினார்கள். அவர்களில் ஒருவரையும் யாரும் தறியில் உட்கார்ந்து பார்த்ததில்லை, ஏனென்றால் அவர்கள் பிறக்கவே இல்லை. அரசாங்கம் நெசவாளருக்குக் கொடுத்த சலுகையெல்லாம் அவர்கள் பெயரில் வந்து தசரதன் வீட்டு இரண்டாம் மாடியாக எழும்பியது. பிறக்காதவர்களுக்குக் கைநாட்டு வைக்க ஆள் வேண்டுமே, அதற்குத்தான் பழனி. முப்பது வருஷம் சாம்பலும் நூலும் தேய்த்து அவர் பெருவிரலில் ரேகையே கிடையாது. மையில் தோய்த்து வைத்தால் ஒரு நீலப் பொட்டு விழும், அவ்வளவுதான். எந்தப் பெயருக்கும் பொருந்துகிற விரல். சங்கத்து வேலை என்று சொன்னார்கள், அவரும் வைத்தார்.

வியாழக்கிழமை கோர்ட்டில் தசரதன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. எத்தனை வருஷம் என்று ஜட்ஜ் வாயைத் திறக்கும் முன்பே தசரதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வலது பக்க நெஞ்சை. தண்டனை விவரம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. தசரதன் எங்கள் நர்சிங் ஹோமுக்கு வந்தார். அறை வாசலில் அருணாச்சலம் என்ற கான்ஸ்டபிளைக் காவலுக்குப் போட்டார்கள். டாக்டர் தசரதனோடு சீட்டாடுகிறவர். சார்ட் எழுத அவருக்குப் பேஷண்ட் தேவைப்படவில்லை.

“நீ எப்படி இங்க வந்த?” என்றேன்.

“நேத்து மதியம் சாப்பாடு எட்தாரச் சொன்னாருங்க. எட்தாந்தேன். என் லுங்கியக் கட்டிகினாரு, துண்ட தலையில போட்டுகினாரு, டிபன் கேரியரத் தூக்கிகினு போயிட்டாரு.”

“எங்க போனாராம்?”

“தேவிகாபுரங்க. கோயில்ல வேண்டுதலாம். சாய்ந்தர பஸ்ஸுல வந்துடறேன்னாரு.”

“நேத்து சாய்ந்தரம்.”

“ஆமாங்க. பஸ்ஸு தவறிடுச்சி போல.”

“நீ ஏன் ஒத்துகின?”

பழனி மறுபடி கம்பளி நூலைத் தேடிப் பிடித்தார். “நீ வெச்ச கைநாட்டெல்லாம் எங்கிட்ட கீதுடா, நான் உள்ள போனா நீயும் வேலூர் ஜெயிலுக்கு வரணும்னாரு. ஜெயிலுக்குப் போனா ஜெயத்துக்கு யாருங்க இருக்காங்க?”

விஷயம் இதுதான். ஜெயிலுக்குப் பயந்து, ஜெயிலுக்குப் போக வேண்டியவரின் கட்டிலில் வந்து படுத்திருந்தார். நான் வெளியே போய் அருணாச்சலத்தைக் கூப்பிட்டேன். அவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னா சிஸ்டர் இது? காலைல கூட இருமினாரே!”

“இருமினது இவரு. நேத்து டிபன் கேரியரோட போனது யாரு?”

“லுங்கி கட்னவன் ஒருத்தன் போனான். லுங்கிக்காரன எல்லாம் மூஞ்சிய பாத்துகினா இருப்பாங்க?”

இன்ஸ்பெக்டர் அரைமணி நேரத்தில் வந்தார். தசரதனின் பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கிறது, எங்கே போய்விடுவார் என்று தைரியமாகத்தான் வந்தார். அப்போது பழனி உதவி செய்கிற எண்ணத்தில் வாயைத் திறந்தார்.

“ஐயா, எம் பாஸ்போர்ட்டும் அவருகிட்டதாங்க கீது.”

“உனக்கு இன்னாத்துக்குடா பாஸ்போர்ட்டு?”

“மலேசியால கண்காட்சியாங்க. தறி போட்டுக் காட்டணுமாம். சங்கத்துல உன்ன அனுப்பறோம்னு ஆறு மாசம் முன்ன பாரத்துல கைநாட்டு வாங்கினாருங்க.”

“போட்டோ குட்தியா?”

“அத அவரே ஒட்டிக்கறேன்னாருங்க.”

இன்ஸ்பெக்டர் மெட்ராஸுக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி விமானத்தில் தசரதன் என்று யாரும் போகவில்லை. பழனி, ஆரணி, தொழில் நெசவு என்று ஒருவர் கோலாலம்பூர் போயிருந்தார். பிறக்காத நெசவாளர்களை வைத்துப் பிழைத்தவர், கடைசியில் நெசவாளியாகவே பறந்துவிட்டார்.

“பாஸ்போர்ட்டுக்கு விசாரணைக்கு யாருய்யா போனது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அருணாச்சலம் ஜன்னலைப் பார்த்தார். “நாந்தான் சார். தசரதன் கடைலதான் விசாரிச்சேன். பழனி ரொம்ப நல்லவன்னு அவரே சொன்னாரு. வடை கூட வாங்கிக் குட்தாரு.”

“போட்டோவப் பாக்கலியா?”

“வடை சூடா இருந்திச்சி சார்.”

இன்ஸ்பெக்டர் அறைக்குள் நாலு நடை நடந்தார். காவலில் இருந்த குற்றவாளி நாடு தாண்டிவிட்டார் என்று எழுதினால் அவர் வேலை போய்விடும். நடக்க நடக்க அவர் மூளை வேலை செய்தது. பழனியின் முன்னால் வந்து நின்றார்.

“இதப் பாரு. ரெக்கார்டுபடி பழனி நேத்து மலேசியா போயிட்டான். ரெக்கார்டுபடி தசரதன் இந்தக் கட்டில்ல கீறான். அப்ப நீ யாரு?”

பழனி யோசித்தார். அவர் யோசித்ததுதான் எனக்கு எரிச்சல்.

“திங்கக்கிழமை வரைக்கும் இவரே படுத்திருக்கட்டும் சார்” என்றார் அருணாச்சலம். “அதுக்குள்ள எதுனா வழி வரும்.”

“திங்கக்கிழமை ஜட்ஜ் பாக்க மாட்டாரா?” என்றேன்.

“தாடி வுட்டுட்டு, கம்பளியப் போத்திகினா...” என்றார் அருணாச்சலம்.

“நூறு கிலோ ஆளு மூணு நாள்ல நாப்பத்தஞ்சு கிலோ ஆயிட்டாருன்னு நான் சார்ட்ல எழுதணுமா? எழுத மாட்டேன். இவரை விடுங்க, இல்லைன்னா நான் கோர்ட்டுக்கே போய்ச் சொல்றேன்.”

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார், பாதி படி மட்டும். இவர்தான் பழனி என்பதற்கு ருசு வேண்டும் என்றார். ரேஷன் கார்டு தசரதனிடம். ஓட்டு அட்டை தசரதனிடம். கைநாட்டு வைக்கச் சொன்னார். நீலப் பொட்டு விழுந்தது. “ரேகையே இல்லாதவன் மனுஷனா?” என்று அதற்கும் கோபப்பட்டார்.

எனக்கு இன்னும் ஆறு பேருக்கு ஊசி போட வேண்டியிருந்தது. “பின்னாடித் தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றேன். நர்சிங் ஹோமுக்குப் பின்னால் கமலம் வீடு. இரண்டு தறி. நாலு பேருமாகப் பின்வாசல் வழியாகப் போனோம். கமலம் பழனியைப் பார்த்ததும், போலீஸையோ என்னையோ கண்டுகொள்ளவில்லை.

“அட பாவி மனுசா! ரெண்டு நாளா தறி சும்மா கெடக்குது, எங்கய்யா போயி தொலஞ்ச? வெள்ளிக்கிழம வரேன்னு சொல்லிட்டு ஜாலியா ஊரு சுத்திகினு இருக்கியா? ஐப்பசில கல்யாணப் பொடவ குடுக்கணும்!”

“இவரு யாரும்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இன்னா கேள்வி சார் இது? பழனி. ஜல்தியா வுட்டுட்டுப் போங்க, பொழுது போவுது.”

“இந்தம்மா சொல்றது மட்டும் போதாது” என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார். அதற்குள் பழனி தறிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். கமலம் சாம்பல் தட்டை வைத்தாள். பழனி விரலைத் தொட்டுக்கொண்டு பழைய நுனி ஒன்று, புது இழை ஒன்று என்று எடுத்துத் திருகத் தொடங்கினார். நாங்கள் நின்ற பத்து நிமிடத்தில் ஐம்பது அறுபது இழை ஓடியது. ஒன்றை இன்ஸ்பெக்டர் தானே இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. அருணாச்சலம் ஒன்றைத் திருகிப் பார்த்தார். கமலம் அவர் கையில் ஒரு போடு போட்டு, அறுந்த இழையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“சரி, பழனிதான்” என்று இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு, குற்றவாளி தப்பிக்க உதவினார் என்று பழனி மேலேயே கேஸ் போட்டார். அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது.

திங்கட்கிழமை கோர்ட்டில் தசரதன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மலேசியாவுக்குக் கேட்கவில்லை. பிடித்து அனுப்பும்படி டெல்லி வழியாகக் காகிதம் போனது. தசரதன் என்று இங்கே யாரும் இல்லை என்று அங்கிருந்து பதில் வந்ததாம். அது உண்மைதான், அங்கே இருந்தவர் பழனி. கிள்ளான் என்ற ஊரில் ‘பழனி பட்டு மாளிகை’ என்று கடை போட்டிருக்கிறார், சர்க்கரை கூட குறைந்துவிட்டது என்று அவருடைய மைத்துனரே ஊருக்குள் பெருமையாகச் சொன்னார். வலது பக்க நெஞ்சு என்ன ஆயிற்று என்று கேட்டேன். இங்கே இருந்த பழனியை 2001இல் வாக்காளர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். வெளிநாடு போய்விட்டார் என்று காரணம் எழுதியிருந்தது. இரண்டரை வருஷமாக எங்கள் டாக்டர் சார்ட் எழுதிக்கொண்டுதான் இருந்தார்; அருணாச்சலத்துக்கு ஏட்டு பதவி கிடைத்தது. கோர்ட் படி ஏறி இறங்கியவர் பழனி ஒருவர்தான்.

2002 மார்ச்சில் அவர் கேஸ் தீர்ப்புக்கு வந்தது. மூன்று வருஷம் வரைக்கும் போடலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். சாட்சி என்பதால் நானும் போயிருந்தேன். பழனி ஒன்பது மணிக்கே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெயம், மஞ்சள் பையில் ஒரு போர்வை, இரண்டு வேட்டி, பல்பொடி. ஜெயிலில் என்ன கொடுப்பார்கள் என்று தெரியாமல் ஊறுகாய் பாட்டில் வேறு.

வக்கீல் குனிந்து, “நெஞ்சு வலின்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிடலாமா? ஒரு வாய்தா கிடைக்கும்” என்றார்.

“வேணாங்க” என்றார் பழனி. “ஒரு தடவ படுத்ததே போதும். பேஜாரு.”

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று ஜட்ஜ் கேட்டார்.

“ஆமாங்க. படுத்துகினு இருந்தேங்க.”

“தப்பு என்று தெரியாதா?”

“தெரியுங்க. எழுந்து போவத்தான் தெரியல.”

ஜட்ஜ் கொஞ்ச நேரம் காகிதத்தைப் புரட்டினார். ஜெயம் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். கோர்ட் கலையும்வரை சிறை என்று தீர்ப்புச் சொன்னார். அதாவது, சாயங்காலம் கோர்ட் முடிகிறவரை அந்த மர பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் ஜெயில். ஜெயத்துக்கு அது புரிய அரைமணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, ஊறுகாயை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன்.

இந்த முழு விவகாரத்தில் தண்டனை அனுபவித்த மனிதர் இவர் ஒருவர்தான். அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார். ஒண்ணுக்குப் போகக் கூட ஜட்ஜைப் பார்த்துக் கைதூக்கினார். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஜட்ஜ் எழுந்து போனார். அதற்குள் பழனி தன் துண்டின் ஓரம் முழுவதையும் திருகி முடித்திருந்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் டியூட்டிக்குப் போகும்போது கமலம் வீட்டுக் கதவு திறந்திருந்தது. தீர்ப்புக்கு முந்தைய நாள் பாதியில் விட்ட பாவு ஒன்று அங்கே காத்திருந்தது. மீதி இரண்டாயிரம் இழை.

“இன்னாய்யா, ஜெயில்லேருந்து வந்துட்டியா?” என்று கமலம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டங்க. அஞ்சே முக்காலுக்கு வுட்டுட்டாங்க.”

“அப்ப நேத்தே வந்திருக்கலாமே? ஒரு இருநூறு இழையாச்சும் போட்டிருக்கலாம்.”

“இருட்டிடுச்சிங்க. சாம்பல் எங்க?” என்றபடி பழனி தறிக்குப் பின்னால் உட்கார்ந்தார்.