அநியாயச் செலாவணி

போன வாரம் ஆழ்வார்பேட்டையில் என் மைத்துனரின் காருக்கு முன்கண்ணாடி மாற்றினார்கள். காலையில் கடைக்குப் போன் செய்தார். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஒரு வேனில் இரண்டு பையன்கள் வந்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ரப்பர் பசை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்கு மாமா சிரிக்கிறீங்க?" என்றார். நான் பேச்சு வராத ஆள், ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். எழுதும்போது எதிரே முகம் இல்லையே.

எழுபதுகளில் மயிலாப்பூரில் ஒரு லேடி டாக்டரிடம் டிரைவராக இருந்தேன். இருந்தேன் என்றால், உட்கார்ந்திருந்தேன். வண்டியை அவர்தான் ஓட்டுவார். பெண்பிள்ளை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது என்று அவருடைய அண்ணன் பிடிவாதம் பிடித்ததால், பக்கத்து சீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை தேவைப்பட்டான். அஞ்சாவது வரை படித்த, வாயைத் திறக்காத நான் அந்த வேலைக்குக் கச்சிதம். என் நீளக் கால்கள்தான் வண்டிக்குக் கச்சிதமாக இல்லை. உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கும்.

அவ்வளவு சின்ன வண்டி. அடையாறு பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் சொந்த ஊருக்குத் திரும்பும்போது டாக்டரம்மாவுக்கு விற்றுவிட்டுப் போனது. பெட்ரோல் பங்கில் முனுசாமி ஒவ்வொரு தடவையும் கேட்பான்: "இன்னா நைனா, பம்புல ஊத்தவா, இங்க் பில்லர்ல ஊத்தவா?"

இவ்வளவு சிக்கனமான வண்டி ஊரில் ஏன் இன்னொன்று கண்ணில் படவில்லை என்று ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். "வரவிட்டாத்தானே?" என்றார் டாக்டரம்மா. "இங்கே கார் பண்றவா ரெண்டு மூணு பேர். இது வந்தா அவாளோடத யார் வாங்குவா? அதனால கவர்மென்ட்ல வண்டி விலையைவிட வரியை ஜாஸ்தியா வச்சுட்டா."

பிறகு ஒரு நாள் அடையாற்றுப் பாலம் தாண்டியதும், முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்தது. முன்கண்ணாடி கற்கண்டாக எங்கள் மடியில் கொட்டியது. யாருக்கும் காயமில்லை. கண்ணாடிக்காகக் கடை கடையாக ஏறினோம். வளைந்த கண்ணாடி, இங்கே வெட்ட முடியாது, வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், அதற்கு லைசென்ஸ் வேண்டும். கடைக்காரர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே வார்த்தையைச் சொல்லிக் கையை விரித்தார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் தன்னுடைய பெரிய காரில் வந்து இறங்கினார். "இந்த எலிப்பொறியை வித்துடு. எங்கே போகணும்னாலும் சொல்லு, நான் வண்டி அனுப்பறேன்."

"பிரசவ வலி உன்கிட்ட சொல்லிட்டா வரும்?"

"நாட்டோட நிலைமையையும் பார்க்கணும். ஒரு கண்ணாடிக்காக அந்நியச் செலாவணியைச் செலவழிக்க முடியுமா?"

"உன் வண்டி குடிக்கற பெட்ரோல் கபாலி கோயில் குளத்துலயா ஊறறது? அதுவும் கப்பல்லதானே வரது?"

அண்ணன் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். வண்டி போனால் என் சீட்டும் போய்விடும் என்பது எனக்குக் கவலை. டாக்டரம்மாவின் கவலை வேறு. இனி ஒவ்வொரு பிரசவத்துக்கும் அண்ணனிடம் அனுமதி கேட்டுப் போகவேண்டும்.

மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற பெரிய கண்ணாடியாக மூன்று வாங்கி வரச்சொன்னார். எதற்கு என்றேன்.

"வண்டிக்குக் கண்ணாடி கிடைக்கலேன்னா நாம போட்டுப்போம்."

அப்படித்தான் போனோம். புடவைத் தலைப்பைத் தலையில் இறுக்கிக் கட்டி, கண்ணாடி மாட்டி அவர் ஓட்ட, பக்கத்தில் அதே கோலத்தில் நான். பாண்டி பஜாரில் சின்னப் பசங்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். வெட்கத்தில் என் தலை முட்டிக்குள் புதைந்தது. அதற்கு அதிக தூரம் இல்லை. டாக்டரம்மா ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

லஸ் முனையில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். மந்தைவெளியில் ஒரு பெண் வலியில் துடிப்பதாக ஆள் வந்து சொல்லி, நாங்கள் அங்கே விரைந்துகொண்டிருந்தோம். "இன்னாம்மா இது, கண்ணாடி எங்க?" என்றார். டாக்டரம்மா கோபத்தில் வாயைத் திறக்கப் போனார். திறந்திருந்தால் ஸ்டேஷனில்தான் முடிந்திருக்கும். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கடைக்காரர்கள் சொன்ன அந்த வார்த்தையை என் காதில் விழுந்திருந்தபடியே சொன்னேன்.

"அநியாயச் செலாவணி, சார்."

"இன்னாது?"

"கவர்மென்ட்டுது, சார்."

அவர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "அப்ப சரி, போ."

மந்தைவெளி வரைக்கும் டாக்டரம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் ஓட்டினார். "அது அந்நியம்ப்பா" என்று ஆரம்பித்தவர், கொஞ்சம் யோசித்து, "வேண்டாம், நீ சொன்னதே சரி. மாத்தாதே" என்றார். குழந்தை நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிறந்தது.

கண்ணாடி கடைசிவரை வரவில்லை. பெட்ரோல் விலைதான் எகிறியது. ஊரில் பெரிய கார்கள் துணி போர்த்திக்கொண்டு வாசலில் நின்றன. அண்ணனுடையதும் நின்றது. ஒருநாள் அவர் எங்கோ பார்த்தபடி, "தி. நகர் பக்கம் போனா என்னையும் இறக்கி விடறியா?" என்று கேட்டார். டாக்டரம்மா மூன்றாவது கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

டாக்டரம்மா போய்விட்டார், அண்ணனும் போய்விட்டார். வண்டியைப் பழைய இரும்புக்கு எடைபோட்டார்கள். முனுசாமியின் பங்க் இருந்த இடத்தில் நகைக்கடை. இப்போது கண்ணாடி வீடு தேடி வருகிறது. தெருவை அடைக்கிற வண்டியில் தனியாக ஒருத்தர் போகிறார். எலிப்பொறி யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது.

என்னுடைய கண்ணாடி மட்டும் வீட்டில் ஆணியில் தொங்குகிறது, ரப்பர் பட்டை இற்றுப்போய். இதை அச்சுக்கோக்கிறவருக்கு ஒரு வார்த்தை: தலைப்பில் பிழை இருப்பதாக நினைத்துத் திருத்திவிடாதீர்கள். டாக்டரம்மா மாற்றாதே என்று சொல்லியிருக்கிறார்.